மழை டயருக்கு அரப்பு

செப்டம்பர் 14, ஞாயிறு

மனதில் இருப்பதைத் தினமும் எழுதினால் ரத்த அழுத்தம் குறையும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இன்று என் மனதில் இருப்பது என் மச்சினன் வெற்றிவேல். அவனைப் பற்றி எழுதினால் குறையுமா கூடுமா என்று டாக்டர் சொல்லவில்லை.

திருப்பூரிலிருந்து தன் மனைவி சுகந்தியையும் கூட்டிக்கொண்டு மதியம் சாப்பிட வந்தான். வந்தவன் கையைக் கழுவுவதற்குள் போனை எடுத்து அந்த வீடியோவை மறுபடியும் போட்டுக் காட்டினான். ஜூலை மாதம் திடீரென்று விழுந்த தூறலில், எங்கள் கார் கிளப்பின் பந்தய டிராக்கில் என் சிவப்பு வண்டி மூன்று முறை சுற்றியதும், கடைசியில் சேற்றில் உட்கார்ந்ததும், டிராக்டர் வந்து இழுத்துப் போனதும். டிராக்டருக்குப் பின்னால் நான் குடை பிடித்துக்கொண்டு நடந்து வருவது மட்டும் தனியாக மெதுவாக ஓடுகிறது. அப்படி ஓட வைக்க அவனே உட்கார்ந்து வேலை செய்திருக்கிறான்.

"ஏனுங் மாமா, அந்த வண்டி பாவமுங். பேசாம எனக்குக் குடுத்துருங், நா நல்லா வெச்சுக்கறேன்" என்றான்.

என் மனைவி கோகிலா ரசத்தை ஊற்றிக்கொண்டே சொன்னாள்: "அவஞ் சொல்றதும் செரிதானுங்க. ரெண்டு பேருக்கு மேல ஒக்கார முடியாத வண்டி. அடுத்த மாசம் கிளப்புல ஜோடிப் போட்டி வருதல்லங்க? அதுல நம்ம வண்டி இவன் வண்டிக்கு முன்னால வந்தா வெச்சுக்கலாம். இல்லீன்னா இவனுக்கே குடுத்துப் போடலாம்."

நான் சம்மதித்தேன். எல்லோர் முன்னாலும் கேட்டால் வேறென்ன செய்வது? ஜோடிப் போட்டி என்பது எங்கள் கிளப்பின் வெள்ளி விழாவுக்காக வைத்தது. ஒரு வண்டிக்கு ஒரே குடும்பத்தில் இரண்டு பேர், இருவருமே வண்டியில் உட்கார வேண்டும், யார் ஓட்டினாலும் சரி. இரண்டாவது பெயராகக் கோகிலாவை எழுதிக் கொடுத்துவிட்டேன். சும்மா பேருக்குத்தான்.

செப்டம்பர் 17, புதன்

அக்டோபரில் மழை வரும். ஆகவே மழை டயர் வேண்டும். ஜூலையில் நான் சுற்றியதற்கு முழுக் காரணமும் டயர்தான். இதை வெற்றிவேலிடம் அப்போதே சொன்னேன். சிரித்தான்.

அவினாசி ரோட்டில் அந்தோணியின் டயர்க்கடைக்குப் போனேன். அரிசி வாங்க வேண்டும் என்று கோகிலாவும் கூட வந்தாள். அந்தோணி மூன்று டயர்களை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். ஒன்று சாதாரண ரோட்டு டயர். ஒன்று நடுத்தரம், தரை லேசாக நனைந்திருந்தால் போடுவது. மூன்றாவது முழு மழை டயர். ரப்பர் மெத்தென்று இருக்கிறது, நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது. வாய்க்கால் வாய்க்காலாக வெட்டியிருக்கிறார்கள். தண்ணீரை அள்ளிப் பக்கவாட்டில் வீசிவிடுமாம். ஆனால் காய்ந்த தரையில் ஓட்டினால் சூடேறித் துண்டு துண்டாகப் பிய்ந்துவிடும்.

"எதை வாங்கலாம்?" என்றேன்.

"அது உங்க மனசப் பொறுத்ததுங் சார்" என்றார். இவரிடம் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். காற்று எவ்வளவு பிடிக்கலாம் என்று கேட்டபோதும் இதையேதான் சொன்னார்.

மழை டயரின் வாய்க்காலில் விரலை விட்டுப் பார்த்தேன். "இதைவிட ஆழமா இருக்குதுங்களா?"

"இதுக்கு மேல ஆழம்னா டிராக்டர் டயர்தானுங் சார்."

நான்கு மழை டயர் சொல்லிவிட்டேன். இதில் ஒரு தத்துவமும் இருக்கிறது. குடையை எடுத்துக்கொண்டு போகிற அன்றைக்கு மழை வராது. நல்ல மழை டயராக வாங்கி வைத்துவிட்டால் மழையே வராமல் போகவும் வாய்ப்பு உண்டு.

திரும்பும்போது தூறல் போட்டது. கோகிலா ஓட்டினாள். எனக்கு முக்கியமான போன் வந்திருந்தது.

செப்டம்பர் 19, வெள்ளி

மழை இல்லை. நன்றாகத் தூங்கினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

மாலை என் பவுண்டரியிலிருந்து கிளம்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோகிலாவை ஆட்டோவில் வரச் சொல்லி, அவள் வண்டியை ஓட்ட, வீட்டுக்கு வந்தேன். போன் வந்துகொண்டே இருந்தது. பம்புசெட்டுக்கு இம்பெல்லர் வார்ப்பவனுக்கு மழைக்காலத்தில் ஏன் இத்தனை போன் என்று கோகிலா கேட்டாள். மழைக்காலத்தில்தான் கிணறு நிறைகிறது, கிணறு நிறைந்தால்தானே பம்பு ஓடும் என்று விளக்கினேன். அவள் வைப்பரைக் கூட்டி வைத்தாள்.

டயர் வந்துவிட்டது. ஷெட்டில் அடுக்கியிருக்கிறேன். சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தாலே தைரியம் வருகிறது.

செப்டம்பர் 28, ஞாயிறு

கோத்தகிரியில் ஒரு கல்யாணம். திரும்பும்போது மலை இறக்கத்தில் கண் தெரியாத மழை. கோகிலா ஓட்டினாள். எனக்குப் போன் வந்திருந்தது. இந்த இறக்கத்தில் யாருக்குமே சிக்னல் கிடைப்பதில்லை என்று அவள் சொன்னாள். எனக்குக் கிடைத்தது.

அவள் வழி முழுக்கச் சமையல்காரர் பிரியாணியில் உப்பைக் கோட்டைவிட்டதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். ஒரு வளைவில் தண்ணீர் குளமாக நின்றது. உப்புப் பேச்சை நிறுத்தாமலே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாள், வண்டியை நேராக விட்டாள், தண்ணீரைத் தாண்டிய பிறகுதான் திருப்பினாள். எதிரே வந்த பஸ் டிரைவர் கும்பிட்டார் என்று நினைக்கிறேன். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தண்ணி நிக்கற எடத்துல பிரேக்கும் போடக் கூடாது, திருப்பவும் கூடாதுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் கிளப் வாட்ஸப் குழுவில், 'மழையில் ஓட்டுவது பற்றி என் அனுபவக் குறிப்பு' என்று தலைப்பிட்டு இதை எழுதிப் போட்டேன். நிறையப் பேர் கட்டைவிரல் காட்டினார்கள். மழையில் ஓட்டிய அனுபவம் எனக்கு இல்லாமல் இல்லை. பதினெட்டு வருடத்துக்கு முன்பு வாளையார் பக்கம் ஒருமுறை. அதைப் பற்றி எழுத இன்று நேரமில்லை.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. காலையில் பவுண்டரி பூஜை. லேத்து, டிரில்லிங் மெஷின், தராசு, ஸ்பேனர் எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் தடவி, சந்தனப் பொட்டு வைத்து, பொரி கடலை படைத்து முடிந்தது. எண்ணெய் போட்டுப் பளபளவென்று நிற்கிற இரும்பைப் பார்த்தால் மனதுக்கு ஒரு நிறைவு.

மாலையில் வீட்டு பூஜை. வண்டிக்கு மாலை போட்டுவிட்டுத் திரும்பினால், ஷெட்டில் மழை டயர்கள் நான்கும் சாம்பல் பூத்துக் கிடக்கின்றன. புதுப் பொருள், அதுவும் ஆயுதம், பூஜையன்று வறண்டு கிடக்கலாமா? அவற்றுக்கும் செய்ய வேண்டிய மரியாதையைச் செய்தேன். வாய்க்கால் வாய்க்காலாக விரல் விட்டுச் செய்தேன். ஒவ்வொன்றுக்கும் பொட்டு. கடைசியில் சலவைக்கல் மாதிரி மின்னின. போட்டோ எடுத்து வெற்றிவேலுக்கு அனுப்பினேன். பதில் இல்லை. பொறாமை.

இரவு கோகிலா குளியலறையிலிருந்து, "ஏனுங்க, போன வாரம் வாங்குன தேங்காண்ண பாட்டிலு, அதுக்குள்ள எப்பிடித் தீந்துச்சு?" என்று கேட்டாள். வெயில் அதிகமானால் எண்ணெய் ஆவியாகிவிடும் என்று சொன்னேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

மழை இல்லை. பசி நன்றாக எடுக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்

மழை இல்லை. வானம் துடைத்துவிட்டது போல இருக்கிறது. என் குடைத் தத்துவம் வேலை செய்கிறது. ஆனால் ஒரு சிக்கல். மழை வராவிட்டால் மழை டயர் பிய்ந்துபோகும். அப்போது பழைய டயரில் ஓட வேண்டும். பழைய டயரை மாட்டிய பிறகு மழை வந்தால்? இதை நினைத்து இரண்டு தட்டு உப்புமா சாப்பிட்டுவிட்டேன்.

அக்டோபர் 11, சனி

கிளப் விதிப்படி, நாளை எந்த டயரில் ஓடுவோம் என்பதை இன்று மாலைக்குள் சொல்லி, வண்டியில் மாட்டி, செயலாளர் பத்ரிநாத் கையால் வெள்ளைப் பெயிண்ட் குறி வாங்க வேண்டும். அதன் பிறகு மாற்ற முடியாது.

காலையிலிருந்து யோசித்தேன். செல்போனில் மூன்று வானிலைச் செயலி பார்த்தேன். ஒன்று மழை என்றது, ஒன்று வெயில் என்றது, மூன்றாவது என் ஊர் எது என்று கேட்டது. அந்தோணிக்குப் போன் செய்தேன். அது என் மனதைப் பொறுத்தது என்றார்.

மொட்டை மாடியில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஆனால் கோகிலா துவைத்த துணியை எல்லாம் வீட்டுக்குள் கொடி கட்டிக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன்.

"உப்பு ஜாடி தண்ணி உட்டுருச்சுங்க. நாளைக்கு மழ வரும்."

நான் சமையலறைக்குள் போய் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தேன். நனைந்திருந்தது. மூடியை இறுக்கி மூடி, ஜாடியை அலமாரிக்குள் தள்ளி வைத்தேன். யாராவது ஈரக் கையால் எடுத்திருப்பார்கள்.

மாலையில் டிராக்குக்குப் போய் மழை டயரை மாட்டிக் குறி வாங்கினேன். வெற்றிவேல் நடுத்தர டயர் போட்டிருந்தான். தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகம் இல்லை. எல்லோரும் என் டயரைச் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"மாமா, ஆத்துல ஓட்டப் போறீங்ளா?" என்றான்.

"செயற்கைக்கோள் படம் பார்த்து முடிவு பண்ணினது, மாப்ளே" என்றேன்.

பத்ரிநாத் பெயிண்ட் அடிக்க முயன்றார். பிரஷ் வழுக்கியது. மூன்று முறை துணியால் துடைத்துத்தான் குறி வைத்தார். "புது டயருங்களா, நல்லா மின்னுது" என்றார். பெருமையாக இருந்தது.

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

விடியும்போதே மழை. சாதாரண மழை இல்லை. சிவப்பு வண்டி நேற்றிலிருந்தே டிராக்கில் நிற்பதால் வீட்டு வண்டியில் போனோம். கோகிலா ஓட்டினாள், எனக்குப் போன். போய்ச் சேர்ந்தால் டிராக் முழுக்கத் தண்ணீர் பளபளத்தது. நேற்றுச் சிரித்தவர்கள் எல்லாம் என் டயரை இப்போது வேறு மாதிரிப் பார்த்தார்கள். இந்த நாளுக்காகத்தான் நான் இத்தனை நாள் காத்திருந்தேன் என்று பத்ரிநாத்திடம் சொன்னேன். சொல்லிவிட்டு அவர் குடைக்குள் போய் ஒட்டி நின்றுகொண்டேன். குளிர்.

போட்டிக்கு முன்னால் ஒரு சோதனைச் சுற்று உண்டு. அதற்கு ஓட்டுநர் மட்டும் போனால் போதும். கோகிலா பார்த்துக்கொண்டிருந்தாள், வெற்றிவேல் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். போக வேண்டியதாயிற்று. மெதுவாகத்தான் போனேன். முதல் வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பினேன். வண்டி திரும்பவில்லை. பிறகு திரும்பியது, திரும்பிக்கொண்டே இருந்தது, கடைசியில் வந்த வழியையே பார்த்து நின்றது. அடுத்த வளைவிலும் அப்படியே. மாட்டு வண்டி வேகத்தில் திரும்பி வந்து சேர்ந்தேன்.

"அந்தோணி ஏமாத்திட்டான்! போலி டயர்!" என்று கத்தினேன்.

பத்ரிநாத் குனிந்து டயரில் விரலை வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "என்னங்க இது, பிசுக்கு?"

கோகிலா அவர் விரலை மோந்து பார்க்கவில்லை, நேராக டயர் பக்கத்தில் உட்கார்ந்து மோந்து பார்த்தாள். எழுந்து என்னைப் பார்த்தாள். "இது நம்மூட்டுத் தேங்காண்ணங்க."

நான் வானத்தைப் பார்த்தேன்.

"ஆயுத பூஜையன்னிக்கு இதுக்கும் தடவுனீங்ளா?"

"மரியாதைக்கு" என்றேன்.

வெற்றிவேல் சிரித்த சிரிப்பில் போன் தண்ணீரில் விழுந்தது. அது ஒன்றுதான் அந்தக் காலையில் நடந்த நல்ல விஷயம். குறி வைத்த டயரை மாற்ற முடியாது என்று பத்ரிநாத் வருத்தமாகச் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த வண்டி எனக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைக்கிற அரை மணி நேரம்தான் எனக்கு வாரம் முழுக்க ஓடுகிற தெம்பு. அது இனி திருப்பூரில் நிற்கும், இவன் அதில் பனியன் மூட்டை ஏற்றுவான்.

"மாத்தக் கூடாது, செரி. கழுவலாமுங்களா?" என்று கேட்டாள் கோகிலா.

பத்ரிநாத் விதித்தாளை முன்னும் பின்னும் திருப்பினார். கழுவக் கூடாது என்று எங்கும் இல்லை.

கோகிலா சுகந்தியை ஏற்றிக்கொண்டு கொட்டுகிற மழையில் பக்கத்திலிருக்கிற செட்டிபாளையம் கடைவீதிக்குப் போனாள். ஒரு பை நிறைய, தலைக்குத் தேய்க்கிற அரப்புத்தூள் பாக்கெட்டும் தேங்காய் நாரும் வாங்கிக்கொண்டு வந்தாள். "எண்ண வெச்ச தலைக்கு என்ன போடுவோம்? அதுதான்" என்றாள். புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு உட்கார்ந்தாள். நானும் உட்கார்ந்தேன். சுகந்தியும் ஒரு டயரைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏய், நீ எந்தப் பக்கம்?" என்று கத்தினான் வெற்றிவேல்.

"அக்கா பக்கம்" என்றாள் சுகந்தி, தேய்ப்பதை நிறுத்தாமல்.

பச்சையாக நுரைத்து நுரைத்து ஓடியது. வாய்க்கால் வாய்க்காலாக நான் ஏற்றிய எண்ணெயை வாய்க்கால் வாய்க்காலாக எடுத்தோம். பந்தய வண்டிகள் நிற்கிற இடம் முழுக்கச் சனிக்கிழமை காலைக் குளியலறை வாசம். கடைசியில் கோகிலா டயரில் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்த்தாள். கை வழுக்காமல் நின்றது.

போட்டிக்கு வரிசையில் நின்றோம். நான் ஸ்டியரிங் முன்னால், அவள் பக்கத்தில். மழை வலுத்தது. கண்ணாடியில் வைப்பர் ஓடுகிறது, வெளியே ஒன்றும் தெரியவில்லை. என் சட்டைப் பையில் போன் இல்லை, ஓட்டுகிறவர் வைத்திருக்கக் கூடாது என்று பத்ரிநாத் வாங்கி வைத்துக்கொண்டார்.

"கோகிலா, எனக்குப் பயமா இருக்குது" என்றேன்.

"தெரியுமுங்க."

"தெரியுமா?"

"பாப்பா வவுத்துல இருந்தப்ப வாளையார்கிட்ட மழையில வண்டி சுத்துச்சே, அன்னையில இருந்து தெரியும். ஜூலையிலயும் இன்னைக்குக் காலையிலயும் வேற வழியில்லாம ஓட்டுனத உட்டா, அதுக்கப்பறம் நீங்க மழையில ஓட்டி நாம் பாக்கலீங்க."

"அப்ப ஏன் இத்தன நாளாச் சொல்லல?"

"சொல்லியிருந்தா, பயமில்லைன்னு காட்டறதுக்கு ஓட்டீருப்பீங்க."

ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தேன். அவள் தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்து, "நவுருங்க" என்றாள். இறங்கி இடம் மாறினோம். அவள் ஹெல்மெட்டை மாட்டினாள். கொடி அசைந்தது.

அரை மணி நேரமும் நான் மல்லிகையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் கோத்தகிரியில் ஓட்டியதைப் போலத்தான் ஓட்டினாள். தண்ணீர் நிற்கிற இடத்தில் காலை எடுத்தாள், நேராக விட்டாள், பிறகு திருப்பினாள். வெற்றிவேலின் நடுத்தர டயர் தண்ணீர் மேல் மிதந்தது. மூன்றாவது வளைவில் அவனைத் தாண்டும்போது, "தீபாவளிக்கு அதிரசம் போட்டறலாமுங்களா?" என்று கேட்டாள். போடலாம் என்றேன்.

பாதியில் மழை விட்டது. நான் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தரையைப் பார்த்தேன். தரை காய ஆரம்பித்தால் மழை டயர் சூடேறிப் பிய்ந்துவிடும். இந்த ஒன்றாவது எனக்குத் தெரியும். "டயர் சூடாகுது, கோகிலா!" என்றேன்.

"தண்ணி எங்கெங்க நிக்குதுன்னு நீங்க பாத்துச் சொல்லுங்க."

சொன்னேன். நேர் பாதையில் இடது ஓரம் ஒரு குட்டை, மேட்டுக்கு அப்பால் ஒரு ஓடை, வலது ஓரம் ஈரம். அவள் ஒன்று விடாமல் அதில் எல்லாம் டயரை நனைத்துக்கொண்டு போனாள், காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளிப்பதைப் போல. காய்ந்த தரை வெற்றிவேலுக்குச் சாதகம். கடைசிச் சுற்றில் அவன் வண்டியின் மூக்கு எங்கள் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்கள் டயரிலிருந்து ரப்பர் துண்டுகள் பறந்து அடியில் படபடவென்று அடித்தன. "வலது, வலது, அங்க ஈரம்!" என்று கத்தினேன். அவள் வலது போனாள், அவன் இடது போனான், கொடி விழுந்தது. நாங்கள் ஒரு பானெட் நீளம் முன்னால்.

பலகையில் வெற்றிவேலின் பெயருக்கு மேலே 'கோகிலா' என்று எழுதினார்கள். கீழே சின்ன எழுத்தில் என் பெயர், 'உடன்: மோகனசுந்தரம்'.

வெற்றிவேல் வந்து அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு என்னைத் தனியாக ஓரம் கட்டி, "மாமா, அந்த அரப்பு எந்தக் கடைங்?" என்று கேட்டான். அது உன் மனசைப் பொறுத்தது என்றேன்.

அக்டோபர் 13, திங்கள்

ரத்த அழுத்தம் பார்த்தேன். குறைந்திருக்கிறது.

அக்டோபர் 15, புதன்

வாரத்தின் நடுவில் வண்டியைத் துடைத்தேன். சாவி கோகிலாவின் கைப்பையில் இருந்தது. கேட்டதும் கொடுத்தாள். புது மழை டயர் வாங்க வேண்டும் என்று இருவரும் அதிலேயே அந்தோணி கடைக்குப் போனோம். நான்தான் ஓட்டினேன், நல்ல வெயில். இந்த முறை அந்தோணி என்னை விட்டுவிட்டு, எது வேண்டும் என்று அவளிடம் கேட்டார். அவள் வாய்க்காலை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, எண்ணெய் வைத்தால் எத்தனை நாளில் போகும் என்று கேட்டாள். அந்தோணி முழித்தார்.

திரும்பும்போது லட்சுமி மில் பக்கம் வானம் இருட்டிக்கொண்டு வந்து, பெரிய பெரிய துளியாக விழ ஆரம்பித்தது. நான் ஓரமாக நிறுத்தி, இறங்கி, சுற்றிப் போய் அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். கோகிலா ஓட்டினாள். எனக்குப் போன் எதுவும் வரவில்லை.